நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

மார்ச் 12

அண்ணா,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. பிறகு கேட்கிறேன்.

திங்கள் காலை எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினியில் ஒரே ஒரு பதிவு திறக்கவில்லை. ஒன்றாம் தேதி எடுத்துவைத்த நகல் இருந்தது. அதிலிருந்து அந்த ஒன்றை மட்டும் மீட்கலாம் என்று நீ எழுதிய கணினிப் புத்தகத்தைப் பிரித்தேன். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம். "மீட்டெடுப்பு நிறைவுறுங்கால் இலக்குத் தரவுத்தொகுதியின் நடப்புநிலையானது காப்புநிலையால் பதிலீடு செய்யப்படும் என்பது வெளிப்படை."

விரலை வைத்து நான்கு முறை படித்தேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றாம் தேதிக்குப் பிந்தைய பத்து நாள் முடிவுகள் போய்விட்டன. நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் திரும்ப வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்ப வந்த ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு எடுத்த ரத்தத்த என்னம்மா பண்ணீங்க?"

யாருக்கு வெளிப்படை அண்ணா?

வாயாடி

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு வருந்தினேன். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. பதிலீடு என்றால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று. நிதானமாகப் படித்திருந்தால் விளங்கியிருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் என்னைக் கேட்டிருக்கலாம்.

மூன்று கல்லூரிகளில் அது பாடநூல். துறைக்கென்று ஒரு நடை இருக்கிறது. அதை நான் மட்டும் மாற்றிவிட முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி விசாரித்தாள்.

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

நிதானமாகத்தான் படித்தேன். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒரு மனுஷி எவ்வளவு நிதானமாகப் படிக்க முடியுமோ அவ்வளவு.

புத்தகம் இருந்தால் உன்னை எதற்குக் கேட்க வேண்டும்? கேட்காமல் இருப்பதற்குத்தானே புத்தகம். அட்டையில் "எல்லோருக்கும்" என்று போட்டிருக்கிறாய். உள்ளே மூன்று கல்லூரி. நான் எதில் சேர்த்தி?

எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது நீதான். "என்னப் பாக்காத. ரோட்டப் பாரு. மிதி." மூன்றே பேச்சு. விழாமல் போனேன். அந்த ஆள் எங்கே போனான்? "மிதிவிசை அளிக்கப்படுங்கால்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்றும் முட்டியில் கட்டோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

கூடத்தை நடத்தும் டாக்டரம்மா என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் முடிவு எடுப்பார். ஆறு வருஷ வேலை. புத்தகம் தெளிவாக இல்லை என்று நான் சொன்னால் சாக்கு. எழுதியவன் சொன்னால் சாட்சி. ஒரு கடிதம் எழுது. அது போதும்.

வாயாடி

மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

டாக்டருக்கு இன்றே எழுதி அனுப்பிவிட்டேன். என்னைக் குறைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். அது எளிதாக இல்லை. முக்கியமான பகுதி உன் பார்வைக்கு:

"நிகழ்ந்த இழப்பு பயனரின் செயற்பாட்டு விளைவாகக் கருதப்படத்தக்கதெனினும், மூலநூலின் விளக்கக் குறைபாடு அதற்கு ஏதுவாயிற்று என்பது மறுக்கற்பாலதன்று."

இனி கவலை வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 28

அண்ணா,

வேலை போய்விட்டது.

டாக்டரம்மா உன் கடிதத்தை மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்தார். பாதி வரியில் அவர் விரல் நின்றிருந்தது. கெட்டவர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "உங்க அண்ணனே நீங்கதான் தப்புன்னு எழுதியிருக்காரேம்மா. நான் என்ன பண்றது?"

அடுத்த பாதியைப் படியுங்கள் என்றேன். படித்தார். திரும்பப் படித்தார். "இதுவும் அதத்தான சொல்லுது" என்றார்.

நான் விளக்கினேன். நான் விளக்கினால் சாக்கு.

என்னைக் காப்பாற்ற எழுதிய கடிதத்தைக்கூட அப்படித்தான் எழுத வேண்டுமா? யார் கைதட்டுவார்கள் என்று நினைத்தாய்? அங்கே இருந்தது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, அவர், நான். கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை.

உன் புத்தகத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். எடுக்கக் கை வரவில்லை.

இதற்கும் ஒரு பதில் எழுதி, நான் நிதானமாகப் படிக்கவில்லை என்று சொல்.

ஏப்ரல் 3

வாயாடி,

தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது.

இதை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது. ஏழு தாள்களைக் கிழித்தேன்.

அந்தப் புத்தகத்தை முதலில் நீ பேசுவதுபோலத்தான் எழுதினேன். பாடநூல் தேர்வுக் குழுவில் ஒருவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "சமையல் குறிப்பு மாதிரி இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வரியையும் மாற்றினேன். புரியும்படி எழுதினால் எனக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம். அதற்கப்புறம் வேறு மாதிரி எழுத வரவில்லை. உனக்குக்கூட.

டாக்டருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். மூன்று வரி. "என் புத்தகத்தில் எச்சரிக்கை இல்லை. படித்த யாரும் இதே தவறைச் செய்வார்கள். என் தங்கை மீது குற்றம் இல்லை."

மன்னித்துவிடு.

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணா,

டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உன் மூன்று வரியைக் கையில் வைத்திருந்தார். "இத மொதல்லயே எழுதியிருந்தா என்னவாம்?" என்றார். கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு நற்சான்று கொடுத்தார். அதற்குமேல் அவரால் முடியாது. என் இடத்தில் ஆள் போட்டாகிவிட்டது.

என்னைவிட மூத்த அம்மா. என் நாற்காலி. என் கோப்பையில் அவர் பேனாக்கள். உன் புத்தகம் அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. அதே வரியில் அவர் விரலும் நின்றிருந்தது. தலையைத் தூக்காமல், "இது என்னங்க சொல்ல வருது?" என்று கேட்டார்.

பேசாமல் வந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவருடைய பென்சிலை வாங்கி ஓரத்தில் எழுதினேன். "இதை அழுத்தினால், நகல் எடுத்த நாளுக்குப் பிறகு பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். திரும்ப வராது. முதலில் இன்றைக்கு ஒரு நகல் எடுங்கள்." ஒரே முறை படித்தார். "அடடா" என்று கையை இழுத்துக்கொண்டார்.

உன் மன்னிப்பு புரிந்தது. கோபம் அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஒன்று செய். முதல் பக்கத்தில் "என் தங்கைக்கு" என்று சமர்ப்பணம் இருக்கிறதே, அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடு. அந்த இடத்தில் நான் பென்சிலால் எழுதியதைப் போடு. ஒரு சொல்லையும் மாற்றாதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

வாயாடி