சுசீலா வந்த கொலு

ஆவடி,
28-10-87

சௌபாக்கியவதி சுசீலாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே அப்பா, நாகவல்லி, நான் மூவரும் நலம். ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அம்பாள் அருள வேண்டும். தீபாவளியன்று நல்ல மழை. குவார்ட்டர்ஸில் பிள்ளைகளுக்கு ஒரு பட்டாசுகூட ஒழுங்காக வெடிக்கவில்லை. அப்பாவுக்கு ஷிப்டு மாறிவிட்டது.

பூந்தமல்லிக்காரர்கள் உன் தங்கையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தை மாதம் நாகவல்லிக்குக் கல்யாணம். சரஸ்வதி பூஜையன்று அவர்கள் பெண் பார்க்க வந்தபோது உன்னை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியதை நீ மனதில் வைத்துக்கொண்டிருப்பாய். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? கண் வீங்கி, உதடு கிழிந்து, மாற்றுப் புடவைகூட இல்லாமல் ரயிலேறி வந்து நின்றவளை, எங்கள் மூத்த பெண் என்று எப்படிக் காட்டுவேன்? உள்ளே நீ முனகினாய். பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். பூனை என்று சொல்லிவிட்டு, நாகவல்லியைக் கொலுவுக்கு முன்னால் பாடச் சொன்னேன். துர்க்கை மகிஷனை மிதித்து நிற்கிற பாட்டு. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாத்திரம் தேய்க்கிற கெங்கம்மாளை நிறுத்திவிட்டேன். அன்று ஜன்னல் வழியே உன்னைப் பார்த்துவிட்டு என்னிடமே வந்து பேசுகிறாள். “இன்னாம்மா, பொம்பள சாமிக்கு தெனம் சுண்டல் படைச்சிகினு, பெத்த பொண்ண பூட்டி வச்சிகீறியே. எங்கூட அனுப்பு. முத்தாபுதுப்பேட்டைல எங்க ஊட்டாண்ட வச்சி நா பாத்துக்கறேன்” என்றாள். ஒற்றை அறைக் குடிசையில் உன்னை வைத்துக் காப்பாற்றுவாளாம். வந்தவர்கள் போனபின் நான் கதவைத் திறந்ததும் நீயும் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் கிளம்பினாயே. அப்பா அறைந்திருக்க வேண்டாம்தான். அந்த வருத்தத்தில் அவரும் சாப்பிடவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு மூன்று நாள் முன்னால், நீ வந்த அன்றே அப்பா தந்தி கொடுத்ததால்தான் மாப்பிள்ளை விஜயதசமிக்கு வந்து சேர்ந்தார். எவ்வளவு பொறுமையாகப் பேசினார். ஒரு வார்த்தை கோபம் இல்லை. நீதான் கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இந்தத் தடவ என்ன உயிரோட விட மாட்டார்மா” என்றாய். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று உன் வாயைப் பொத்தினேன். வெற்றிலைபாக்கு, ரவிக்கைத் துண்டு, குங்குமம் எல்லாம் வைத்து, முறைப்படிதான் உன்னை அனுப்பி வைத்தேன். ஆட்டோ போகும்வரை நீ திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்ததாக நீ எழுதவில்லை. நான் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. நேற்று மாப்பிள்ளை அப்பாவுக்கு எழுதியிருந்தார். உனக்கு உடம்பு சரியில்லையாம். பேனா பிடிக்க முடியவில்லையாம். தங்கை கல்யாணத்துக்கு வர இயலாதாம். யாரும் அங்கே புறப்பட்டு வர வேண்டாமாம். அப்பா படித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

சுசீலா, நீ தீர்க்கசுமங்கலியாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வராவிட்டால் பரவாயில்லை. எனக்கு ஒரு வரி போடு. எழுத முடியாவிட்டால், ஒரு கோடாவது உன் கையால் இழுத்து அனுப்பு, கண்ணே.

உன் அம்மா,
லோகநாயகி