பொங்கலுக்கு மறுவாரம் திரும்பிப் போன வேன்

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பாகாலா ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டே, "நீ கடலைப் பாக்காமலே போய்ச் சேரப்போற, பாரு" என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்கிற ஆள் சித்தூர் ஜில்லாவிலேயே இரண்டு மூன்று பேர்தான். அதில் ஒருவன் நான் என்று நீயே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாய். ஆனால் இந்த முறை பலித்ததில் எனக்குப் பெருமை இல்லை. பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் உன் மகள் வந்து, நீ வாங்கின பைனாகுலரை என் முன்னால் வைத்தாள். பிளாஸ்டிக் உறையைக்கூட நீ பிரிக்கவில்லை. கப்பல் பார்க்க என்று வாங்குகிறவன் ஒருநாள் மொட்டைமாடியில் ஏறிக் காக்காயையாவது பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்கென்று மூடி வைத்தாய். உன்மேல்தான் எனக்கு முதல் கோபம்.

இருபத்திரண்டு வருஷம் மாங்கூழ் ஃபேக்டரியில் நான் பாய்லர், நீ பழம் இறக்கும் இடம். சாப்பாட்டு நேரத்தில் பழவேற்காட்டைக் கதை கதையாக உனக்குக் கட்டிக் கொடுத்தது நான்தான். நான் படித்தது ஏழாவது, அதுவும் முழுசாக இல்லை. இருந்தாலும் கப்பல் விஷயத்தில் காலேஜ் வாத்தியார் என் எதிரில் வாயைத் திறக்கமாட்டார். டச்சுக்காரன் கோட்டை கட்டினதையும், அவனுடைய கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதையும், இங்கிருந்து போன துணியைக் கட்டிக்கொண்டு ஜாவாவில் கல்யாணம் நடந்ததையும் சொன்னேன். என் முப்பாட்டன் அந்தக் கப்பல்களுக்குப் பாய் தைத்தவர் என்பதையும் சொன்னேன். நீ சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாய்.

போவதற்குத்தான் நாள் அமையவில்லை. பழம் வரும் மாதங்களில் சூப்பர்வைசரிடம் போய் நின்றால், தலையைத் தூக்காமலே "சீசன்லோ லீவு லேது" என்பார். ஃபேக்டரி மூடி நமக்குக் கை ஓய்ந்தால் அங்கே புயல் சின்னம். நீதான் விரல்விட்டு மாதங்களைக் கழித்துப் பார்த்துச் சொன்னாய்: "நம்மளுக்குன்னு கடல் தொறந்து கீறது பொங்கலுக்கு அப்புறம் ஒரு மாசந்தான் மச்சான்."

அந்த மாதமும் வந்தது. இந்த வருஷம் பொங்கலுக்கு மறுவாரம் வேன் பேசினாய். புத்தூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி என்று வழியைக்கூட மனப்பாடம் செய்திருந்தாய். உன் வீட்டுத் தங்கச்சி இரண்டு தூக்கு நிறையப் புளிச்சோறு கிளறினாள். ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் உன் மகள் லீவு போட்டாள். அவளை ஏற்றிக்கொள்ளத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே வேனை நிறுத்தினோம். அங்கே உனக்குத் திடீரென்று யோசனை வந்தது.

"உன் தோஸ்து படகுக்காரர் கீறாருன்னு சொல்வியே, ஒரு போன் போட்டுடு மச்சான். வந்துக்கினு கீறோம்னு சொல்லு. அவரு பேரு இன்னா?"

"ஏழுமலை" என்றேன். இறங்கி, பூக்கடைப் பக்கம் போய் நின்று பேசினேன். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது, படகு போகாது, வந்தால் வீண் அலைச்சல் என்று சொல்லிவிட்டான். அதை வந்து உங்களிடம் சொன்னேன். புளிச்சோற்றை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வேனைத் திருப்பினோம். நீ சண்டை போட்டிருக்க வேண்டும். படகு இல்லாவிட்டால் என்ன, கரையில் நின்று பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நீயோ எனக்கே ஆறுதல் சொன்னாய். "கடலு எங்க மச்சான் போவப்போவுது? அடுத்த பொங்கலுக்குப் பாத்துக்கலாம்."

கடல் எங்கேயும் போகவில்லை. சீசன் ஆரம்பித்த மூன்றாம் நாள், மார் வலிக்கிறது என்று பழக்கூடைமேல் சாய்ந்த நீ அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

காலையில் உன் மகள் வெறுமனே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போகிறாளாம். நைனா பார்க்காததை அம்மாவாவது பார்க்கட்டும் என்கிறாள். அப்புறம் நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ஏழுமலை நம்பரக் குடுங்க மாமா. எங்க கம்பெனி லைன்ல பழவேற்காட்டுப் பொண்ணு ஒருத்தி கீறா. பொங்கலப்போ படகெல்லாம் ஓடிக்கினுதான் இருந்துச்சாம். அந்தாளு ஏன் அப்டி சொன்னாருன்னு நான் கேக்கணும். நைனா அன்னிக்கி ஊட்டுக்கு வந்து ராத்திரி பூரா திரும்பித் திரும்பிப் படுத்துக்கினு இருந்தாரு."

உன் உறக்கம் கெட்டது எனக்குத் தெரியாது. மறுநாள் வேலைக்குச் சிரித்துக்கொண்டுதானே வந்தாய்? அதையும் என்னிடம் மறைத்தாயே என்று உன்னைத் திட்ட வாய் வந்தது, யாரைத் திட்டுவது? நம்பரைத் தேடி வைக்கிறேன், நாளைக்கு வா என்று அவளை அனுப்பிவிட்டேன்.

நாளைக்கு அவள் வருவாள். அதற்குமுன் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நான் பழவேற்காட்டுக்குப் போனதே இல்லை. டச்சுக்காரன் கதையெல்லாம் பழைய பேப்பரில் படித்தது. வேன் போய் நின்றதும் நீ இறங்கி, எந்தப் பக்கம் என்று என் முகத்தைப் பார்ப்பாய். இடமா வலமா என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் என்னை நம்பின ஒரே ஆள் முன்னால் அப்படி நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று போனைக் காதில்தான் வைத்திருந்தேன், எந்த நம்பரையும் அழுத்தவில்லை. பேர் என்ன என்று நீ கேட்டபோது, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மலை தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் ஏழுமலை என்றேன்.