கிரேன் ஓடும்போது அனுப்பாதே

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

வீட்டில் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, மற்றபடி நலம். சரக்குப் படகு கிளம்பப்போகிறது, அதனால் முக்கியமானதை முதலில் சொல்கிறேன். இதோடு, உங்கள் ரேடியோப் பெட்டியில் மாட்ட ஒரு சின்ன மின்சுற்றுக் கார்டு வைத்திருக்கிறேன். உங்கள் மருத்துவக் கப்பலின் ரேடியோக்காரரிடம் உடனே கொடு. அதை மாட்டும்வரை கிரேன் ஓடும்போது எந்தச் செய்தியும் அனுப்பாதே. நோயாளியைத் தளத்தில் இறக்கி, கிரேனை நிறுத்திய பிறகு அனுப்பு. இதை ரேடியோவிலும் சொல்லியிருக்கிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. அதனால்தான் கடிதத்திலும் எழுதுகிறேன்.

நாங்கள் செய்து தந்த அந்தப் பெட்டி அனுப்பும் செய்தியோடு கூடுதலாகச் சில பிட்டுகளும், அதாவது 0, 1 குறிகளும், போகும். வழியில் ஒன்றிரண்டு கெட்டாலும் அவற்றை வைத்து மறுமுனை சரிசெய்துகொள்ளும். அடுத்தடுத்து ஒரு கொத்தாகக் கெட்டால் கை மீறிவிடும். அதனால்தான், ஒரே சொல்லின் பிட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி கலைத்து, தள்ளித் தள்ளி அனுப்புவோம். இரைச்சல் ஒரு கொத்தையே அடித்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கீறலோடு போய்விடும்.

பழைய பெட்டியில் இந்தக் கலைப்பு நீளமானது. நினைவகத்தை விழுங்கும், செய்தியும் தாமதமாகும். இப்போது உங்களிடம் இருக்கும் பெட்டிக்காக உன் அண்ணன் அதைச் சுருக்கி, சின்னச் சின்னக் கட்டுகளுக்குள் கலைத்தார். பெட்டி பறந்தது. சோதனையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் நாங்கள் கொடுத்தது தூறல் போலச் சிதறி விழும் இரைச்சல். உங்கள் கிரேன் மோட்டார் கொட்டுவது அடைமழை. ஒரு கட்டு முழுவதும் ஒரே அடியில் போய்விடுகிறது. உங்கள் செய்திகள் ஆட்களை ஏற்றும்போது மட்டும் உடைவதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

உன் அண்ணனிடம் சொன்னேன். "மாப்ள, நீங்க எதைத் தட்டினாலும் ஓட்டைதான் தெரியும் உங்களுக்கு" என்று சிரித்தார். மற்றக் கப்பல்களுக்கும் பெட்டி அனுப்ப நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றதும் சிரிப்பு நின்றது. என்னைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். நான் துறைமுகத்திலிருந்து ஒரு கிரேன் மோட்டாரை வாங்கி வந்து, எல்லார் முன்னாலும் பெட்டிக்குப் பக்கத்தில் ஓட்டினேன். செய்தி வரவில்லை. அவரே நிறுத்தச் சொன்னார், வந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார், வரவில்லை. முகம் சுண்டிப்போய் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வழி கண்டுபிடித்ததும் அவர்தான். பிட்டுகளை மொத்தமாகக் குவித்து வைத்துக் கலைக்காமல், ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையைவிடக் கொஞ்சம் பிந்தி அனுப்புகிறார். கலைப்பு பழைய நீளத்துக்கு வந்துவிட்டது, நினைவகமோ அதில் பாதிதான். மோட்டாரை ஓடவிட்டே சோதித்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. அதுதான் இந்தக் கார்டு.

இனி எழுதத்தான் கை வரவில்லை. போன கடிதத்தில், அந்த மீனவரைக் கிரேனில் தூக்கும்போதே கரை மருத்துவரிடம் கேட்டதாகவும், கல்நெஞ்சக்காரர் பதிலே சொல்லவில்லை என்றும், மீனவர் உன் கையிலேயே இறந்துபோனார் என்றும் எழுதியிருந்தாயே. கரைக்கு உன் கேள்வி வந்து சேரவே இல்லை. இது உன் அண்ணனுக்குத் தெரியாது. வேலை முடியட்டும் என்று பொறுத்தேன். முடிந்த பிறகும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். என்ன செய்யலாம் என்று நீ சொல்.

பத்திரமாக இரு.

உன் வீட்டுக்காரன்


அன்புள்ள உங்களுக்கு,

கார்டு வந்தது. உங்கள் ரேடியோ எச்சரிக்கை வரவில்லை.

ரேடியோக்காரர் கார்டை மாட்டி முடித்தார், சோதித்துப் பார்ப்பதற்குள் ஒரு படகிலிருந்து அழைத்தார்கள். பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்ட்ரெச்சரைப் பாதியில் நிறுத்தினால் கப்பலில் மோதும், கிரேனை நிறுத்த வழியே இல்லை. அனுப்பட்டுமா, பொறுக்கட்டுமா என்று ரேடியோக்காரர் கேட்டார். அனுப்புங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என் கண் அந்தத் திரையை விட்டு நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் தளத்தைத் தொடும் முன்பே கரை மருத்துவரின் பதில் வந்துவிட்டது. எந்த மருந்து, எவ்வளவு, அடுத்து என்ன என்று எல்லாம் இருந்தது. தாயும் பிள்ளையும் இப்போது தூங்குகிறார்கள்.

அந்த மருத்துவரை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். பாவம், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

மீனவர் விஷயம். பதில் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். ஆமாம், எழுதிவிட்டேன். யாரோ ஒருவர் கூட்டத்தில் போட்டு உடைப்பதைவிடத் தங்கை சொல்லிக் கேட்பது மேல். நான் பழி போடவில்லை, மறைக்கவும் இல்லை. அவர் செய்த கார்டால் பிழைத்த தாயையும் பிள்ளையையும் பற்றி அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது என்று அவருக்கும் தெரியும்.

இரண்டு கடிதமும் ஒரே படகில் வருகின்றன. இதைப் படித்த கையோடு அவர் அறைக்குப் போங்கள். வேலை இருக்கிறது, அப்புறம் வாங்க மாப்ள என்பார். கதவைக்கூடச் சாத்தப் பார்ப்பார். எனக்காக, அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

உங்களவள்