பின்பக்கத்து மூன்று ஓட்டைகள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இரண்டு மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் அத்தானுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நம் படகுப் பட்டறைக் கூரையில் இரண்டு தகடு காற்றில் பிய்ந்துபோய், லேத் மெஷின் மேல் மழைத்தண்ணீர் சொட்டுகிறது. உன் மகன் புது வேலைக்குப் போகிறான் என்று எழுதியிருந்தாய். யாரோடும் பேசுவதில்லை, சாப்பிட்டதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அவன் உன்னிடம் கேட்ட கேள்வியை மூன்று முறை படித்தேன். “அன்னைக்குக் காலையில அப்பாகிட்ட என்னம்மா சொன்ன?”

அதற்கு நீ பதில் சொல்லவில்லை. எனக்கு எழுதியிருக்கிறாய். “திரும்பி வராதேன்னு சொன்னேன் அக்கா. அவர் இடுப்புக் கயிற்றுக் கொக்கியைத் தானே கழற்றிட்டார். எனக்குத் தெரியும். படகைச் சுத்தம் பண்ணி யாருக்காவது கொடுத்துடுங்க. அது என் கண்ணிலேயே படக்கூடாது.”

படகைச் சுத்தம் பண்ணத்தான் சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கினேன். இல்லை, இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். அதன் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். மாப்பிள்ளை இல்லாமல் மிதந்த படகைக் கரைக்கு இழுத்து வந்த அன்றே பார்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை அந்த அலுமினிய டிராக்கை எவ்வளவு ஆசையாக வாங்கிவந்தார் என்று உனக்குத் தெரியும். படகு விளிம்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் அதில் தூண்டில் தாங்கி, விளக்கு, மீன் காட்டும் கருவி என்று எதை வேண்டுமானாலும் செருகி, வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று பட்டறையில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். மறுநாள் விடியற்காலையே கடலுக்குப் போக வேண்டும், இன்றைக்கே முடித்துக்கொடுங்கள் என்று நின்றார்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். உன் அத்தான் மேலிருந்து துளை போட்டு போல்ட்டை இறக்குவார். நான் உள்ளே கையை விட்டு வாஷரையும் நட்டையும் பிடிப்பேன். என் கை சின்னது. ஃபைபர் மெல்லியது, நட்டு இல்லாத ஸ்க்ரூவை அது அதிக நாள் பிடித்து வைக்காது. இதை வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

வலது பக்கம், பின்கோடியில் மூன்று துளைகள் மட்டும் மிச்சம். அந்த இடத்துக்குக் கீழே நுரை அடைத்து மூடிய பெட்டி, கை போகாது. பெட்டியைச் சதுரமாக வெட்டித் திறந்து, நட்டுப் போட்டு, மறுபடி மூட வேண்டும். இன்னும் அரை நாள் வேலை. உன் அத்தான் துளைகளில் தண்ணீர் கசியாமல் பூசும் சீலண்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். எனக்கு முதுகு கழன்றுவிடும்போல் இருந்தது. ஒரு தூண்டில்தானே நிற்கப்போகிறது என்று நினைத்து மூன்று குட்டை ஸ்க்ரூக்களை மேலிருந்தே முடுக்கிவிட்டேன். தலையைப் பார்த்தால் போல்ட் மாதிரியேதான் இருக்கும்.

உன் அத்தான் திரும்பி வந்து, “பின்னாடி நட்டெல்லாம் போட்டாச்சா?” என்று கேட்டார். “ஆச்சு” என்றேன்.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். தனியாகப் போகும்போது இடுப்பு பெல்ட்டின் கயிற்றை முன்னால் இருக்கும் இரும்பு வளையத்தில் மாட்டினால் எஞ்சின் வரை எட்டுவதில்லை, இதை டிராக்கில் போட்டு இதில் மாட்டிக்கொண்டால் கூடவே நகரும் என்றார். படகின் நடுவில் ஒரு காலை ஊன்றி டிராக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். “அண்ணி, உங்க தங்கச்சி கோபத்தையே நான் தாங்குறேன். இது என்னைத் தாங்காதா?” என்று சிரித்தார். உன் அத்தான், “யானையைக் கட்டுங்க சகலை” என்றார். நானும் சிரித்தேன். அவர் இழுத்துப் பார்த்தது நட்டுப் போட்ட இடம்.

அப்போது என் வாயில் என்ன இருந்தது என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். “அதில மாட்டாதீங்க” என்று இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் ‘ஆச்சு’ என்றது பொய்யாகிவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த வாரம் வரச்சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தார், அவசரத்தில் இருந்தார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். பதினோரு வாரம் போனது.

படகு தனியாக மிதந்து வந்தபோது டிராக்கின் பின்கோடி வளைந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இழுத்து வரும்போது படகுத்துறைச் சுவரில் மோதியிருக்கும் என்றார்கள். நான் பௌதிகம் படித்தவள். மோதினால் உள்பக்கம் வளையும். அது மேலேயும் வெளியேயும் வளைந்திருக்கிறது. மூன்று ஓட்டைகளும் பிய்ந்திருக்கின்றன. ஒரு ஸ்க்ரூ இன்னும் டிராக்கிலேயே தொங்குகிறது, மரையில் ஃபைபர் தூள் ஒட்டியிருக்கிறது. வளையம் நழுவாமல் இருக்கக் கோடியில் போட்டிருந்த அடைப்பைக் காணோம், வளையத்தையும் காணோம். அவருடைய பாரத்தில் டிராக் பிய்ந்து, வளையம் கழன்று, கயிறோடு அவர் போயிருக்கிறார்.

அவர் கொக்கியைக் கழற்றவில்லை. மாட்டியிருந்தார். வீட்டுக்குத் திரும்பி வர நினைக்கிற ஆள்தான் மாட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானிடம் சொன்னேன். “இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? புருஷன் போனான், அக்காவும் போகணுமா அவளுக்கு?” என்றார். ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம், அரை மணி நேர வேலை என்றார். அவர் கெட்டவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். பயந்துவிட்டார். மூன்று நாளாக என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

நான் அடைக்கவில்லை. படகு அப்படியே இருக்கிறது. துறைமுக அதிகாரிக்கும் இதையே எழுதி வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியும் முன் அவருக்குத் தெரியக்கூடாது என்பதால் இன்னும் அனுப்பவில்லை. இது உன் கைக்குக் கிடைக்க நான்கு நாள் ஆகும். ஐந்தாம் நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதப்போவதில்லை. அதை எழுதினால் நீ ஏதாவது சொல்லியாக வேண்டும். நீ எதுவும் சொல்ல வேண்டாம், வரவும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை உன் மகனிடம் கொடு. நீ அன்று காலையில் சொன்னதையும் அவனிடம் சொல்லிவிடு. கோபத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான் அது. அதைக் கேட்டுவிட்டும் அவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் போனார். அவன் யாரையாவது வெறுக்க வேண்டுமென்றால் பெரியம்மா இருக்கிறேன். உன்னை வெறுக்க வேண்டாம்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடு. இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா