அண்ணை, என்னைக் கட்டிவிடு

1992 ஆவணி, வெள்ளிக்கிழமை

புத்தூர்க் கமக்காரர் ஒருவர் தன் தம்பியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இன்று எங்கள் மனநோய்க் கிளினிக்குக்கு வந்தார். போன வருடம் அந்தத் தம்பியின் காலிலிருந்த சங்கிலியை நான்தான் கழற்றவைத்தேன். மருந்து இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். இப்போது போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மருந்து வருவதில்லை, இருந்ததும் முடிந்துவிட்டது.

"இனி என்ன செய்யிறது, டொக்டர்?" என்றார் அண்ணர்.

நான் வாய் திறக்குமுன் தம்பி கதைத்தான். "மருந்தில்லாட்டி, குண்டு போடப் பொம்மர் வரேக்கை நான் றோட்டுக்கு ஓடிப்போவன். அண்ணை, என்னைக் கட்டிவிடு. பங்கர்க் குழிக்குள்ளை, உங்களோடை வைச்சுக் கட்டு."

தெளிவாகத்தான் சொன்னான். என்னால் மறுக்க முடியவில்லை.

"இரும்பு வேண்டாம். சீலைத்துணியாலை கட்டுங்கோ," என்றேன்.

அண்ணர் சைக்கிளை எடுக்க எழுந்தார். தம்பிதான் எனக்கு நன்றி சொன்னான். அந்த நன்றியை என்ன செய்வதென்று தெரியவில்லை.