தானாக இறுகும் கொடிக்கயிறு

இன்று காலை கொடிக்கயிற்றடியில் நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கிராம சேவகர், கம்பளையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த உன் மகள். நால்வர்தான். நீ நிற்கும் இடத்தில் ஈரத்துணிக் கூடையை வைத்திருந்தேன். நீ கண்மூடியதிலிருந்து அதை அங்கேதான் வைக்கிறேன்.

கயிறு நினைவிருக்கிறதா? அக்குறணைக் கடையில் நாம் பேரம் பேசி வாங்கிய நீல நைலோன் கயிறு. ஒரு முனை, வீட்டுக்கு மேலே சரிவில் கிடக்கும் பெரிய பாறையின் இரும்பு வளையத்தில். மறுமுனை, நான் சமைக்கும் குசினியின் சுவர்க் கொக்கியில். போர்வை போட்டால் நடுவில் தொய்ந்து புல்லைத் தொடும். நீ திட்டிக்கொண்டே தூக்கிப் பிடிப்பாய். இப்போது இரண்டு போர்வை போட்டாலும் தொய்வதில்லை. இன்று விரலால் தட்டிப் பார்த்தேன், விண்ணென்று அதிர்ந்தது.

அந்தக் கயிற்றடியில்தானே நாம் விஞ்ஞானம் படித்தோம். பிள்ளைகள் புத்தகத்தை வீசிவிட்டு விளையாடப் போவார்கள். நாம் எடுத்து விரிப்போம். தூரம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இடப்பெயர்ச்சிதான் பிடிபடவில்லை. வீட்டுக் கணக்கைப் பிசகில்லாமல் எழுதுகிறவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு. நீ துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறையிலிருந்து சுவர் வரை நடந்தாய். திரும்பவும் பாறைக்கே வந்தாய்.

"இப்ப சொல்லு, என் இடப்பெயர்ச்சி எவ்வளவு?"

நான் போன தூரத்தையும் வந்த தூரத்தையும் கூட்டிச் சொன்னேன். நீ சிரித்தாய்.

"பாறையில தொடங்குனேன், பாறையிலயே நிக்கிறேன். பூச்சியம்டி!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நம்ம பொழப்பு? குசினி, பைப்படி, கோயில், கடை, திரும்பக் குசினி. எல்லாம் பூச்சியமா?"

"கால் வலிக்குதுல்ல? அது தூரம். அத யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா எங்க தொடங்கி எங்க முடிச்சேங்கறதுதான் இடப்பெயர்ச்சி."

அன்று செபமாலை சொல்லும்போதும் மணிகளெல்லாம் பூச்சியமாகவே தெரிந்தன. மறுநாள் படம் வரைந்தபோது தொடங்கும் புள்ளியை வீட்டில் வைத்தேன். நீ பென்சிலைப் பிடுங்கிப் பாறையில் வைத்தாய். "நகராத ஒண்ணுலருந்துதான் அளக்கணும். வீடு மனுசன் வச்சது. பாறை ஆண்டவர் வச்சது."

அப்போது அதை உன் வாய்க்கொழுப்பு என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் பெய்த மழைக்குப் பிறகுதான் கயிறு விறைத்திருப்பதைக் கண்டேன். நைலோன் கயிறு நாள்பட நாள்படத் தளரும், தானாக இறுகாது. யாரும் இழுத்துக் கட்டவில்லை. பாறை அசையாது. அப்படியானால் அசைந்தது எது? வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கயிறு இறுகினா நல்லதுதானே? துணி தரையில படாது. ஒனக்கு அந்தப் பொஸ்தகத்தப் படிச்சதுல இருந்து மூளை கலங்கிருச்சு" என்றார்.

மறுநாள் பார்த்தால் கயிறு பழையபடி தொய்ந்து கிடந்தது. நான்தான் பயத்தில் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நம்பி, மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன்.

இன்று கிராம சேவகர் அரசாங்க உத்தரவோடு வந்து, மண் சரியும் அபாயம் இருப்பதால் அடுத்த மழை தொடங்குமுன் இந்தச் சரிவிலுள்ள எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார். வீட்டுக்காரர் அவரைச் சுவர் வெடிப்பைக் காட்டக் கூட்டிப் போனார்.

"இது வருசா வருசம் மழைக்குத் தொறக்கும், வெயிலுக்கு மூடிக்கும் ஐயா. போன எடத்துக்கே திரும்பி வந்துருது."

பூச்சியம் என்கிறார், புத்தகம் படிக்காமலே! உன் மகள் என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, எங்க வீட்டுல முன்ரூம் சும்மாதான் இருக்கு. அங்கிளையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"நான் வரல. போறதுன்னா அவ போகட்டும்" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

நான் துணி போடுவதுபோல் கொக்கிப் பக்கம் போனேன். கயிறு மறுபடியும் விறைத்திருந்தது. சுவர்க் கொக்கியில் இருந்தது என் முடிச்சு அல்ல. லொறியில் பாரம் ஏற்றிக் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. பல்லேகலவிலிருந்து ஊரூராகச் சாமான் ஏற்றிப் போன என் வீட்டுக்காரரின் முடிச்சு. அவர்தான் அவிழ்த்துத் தளர்த்தியிருக்கிறார். என்னைக் கேலி பண்ணிய அதே நாளில்.

வந்தவர்கள் போனபின், வீடு நகர்வது தெரியுமா என்று அவரைக் கேட்டேன்.

"தெரியும்" என்றார். "நாப்பது வயசு வரைக்கும் ரோட்டுலயே கெடந்தேன். எவ்வளவு தூரம் ஓடினாலும் திரும்பி வர ஒரு எடம் வேணும்னுதான் இதக் கட்டினேன். இதையும் விட்டுட்டு எங்க திரும்பி வர்றது?"

எனக்கு வலித்த பூச்சியம் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. இப்போது நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறோம். சன்னலைத் திறந்தால் பாறை. கதவைத் திறந்தால் பள்ளம். அவரை விட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாய். கணக்கில் நான் வீட்டை நோக்கி வருவதைக் கூட்டல் என்றும், வீட்டை விட்டுப் போவதைக் கழித்தல் என்றும் எப்போதும் போடுவேன். "யாருடி ஒனக்குச் சொன்னா? எந்தப் பக்கம் கூட்டல்னு கணக்குப் போடுறவதான் தீர்மானிக்கணும்" என்பாய். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ சொன்ன அந்த ஒன்றைத்தான் இன்று முழுவதும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்.

முடிச்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த மிச்சக் கயிறு முழுவதையும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். இனித் தளர்த்த ஒரு விரல் நீளம்கூட இல்லை.

உன் மகள் ஞாயிறு பூசை முடிந்ததும் வேன் கொண்டுவருகிறாள். அவர் ஏறாவிட்டால் நான் ஏறலாமா? நீ ஆண்டவருக்குப் பக்கத்தில் இருக்கிறாய், கேட்டுச் சொல்லு. ஞாயிற்றுக்கு முன் எனக்குப் பதில் வேண்டும்.