மகள் பெயரில் ஒரு மென்பொருள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு வழுப் புகார், என் மென்பொருளில் கோளாறு என்று. பாப்பா பெயரைப் போட்டு, "பாதியிலேயே செத்துப்போகிறது" என்று யாரோ எழுதியிருக்கிறார். நிரலைத்தான் சொல்கிறார். தெரியும். ஆனாலும் கை ஓடவில்லை, மதியம் வரை.

மெமரி கார்டில் அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளுக்குக் குழந்தையின் பெயரை வைத்தவன் நான்தானே. அவள் எங்களை விட்டுப் போன மறுமாதம் அவள் படங்கள் இருந்த கார்டு கெட்டது. அதற்காக எழுதியது. முப்பத்தோரு படம் கிடைத்தது. பிறகு மூலநிரலோடு எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் கொடுத்துவிட்டேன். ஊர் உலகமெல்லாம் அவள் பெயரைச் சொல்லட்டும் என்று ஒரு பேராசை.

மார்ச் 6

என்கூட இதைப் பராமரிக்கும் இணைய நண்பன் போனில் பிடித்துக்கொண்டான். "பேரைப் பார்த்தா என்ன செய்யும்னு ஒருத்தனுக்கும் புரியலடா. 'அழிந்த பட மீட்பு'ன்னு வையேன், என்ன குறைஞ்சுடும்?"

அவனுக்குக் காரணம் தெரியாது. முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 11

இன்றும் கேட்டான். முடியாது.

மார்ச் 19

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கடிதம். அப்பாவின் கடைசிப் படங்கள் அழிந்துபோக, மீட்க ஒரு மென்பொருளை மூன்று நாள் தேடினாராம். பட்டியலில் நம்முடையது நான்காவது. பெயரைப் பார்த்துக் குழந்தைகள் விளையாட்டு என்று தாண்டிப் போய்விட்டார். வேறு எதையோ போட்டு ஓட்ட, கார்டு மொத்தமும் போச்சு. திட்டவில்லை. "பெயரிலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும்.

படம் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுமா இப்படிச் செஞ்சேன்? நான் என்ன மனுஷன்?

மார்ச் 20

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஊரே அவ பேரைச் சொல்லணும்னு வெச்சீங்க. இந்த வீட்டுல நீங்க சொல்லி எத்தனை நாளாச்சு?"

இந்த நோட்டில்கூட பாப்பா என்றுதான் எழுதுகிறேன்.

மார்ச் 23

மாற்றிவிட்டேன். பழைய பெயரைத் தட்டச்சு செய்தால்தான் மாற்றவிடுகிறது, மென்பொருளை ஏற்றிவைத்திருக்கும் அந்த இணையதளம். முதல் தடவை தப்பாக அடித்தேன் — "பெயர் பொருந்தவில்லை." பெற்றவனுக்கு. இரண்டாம் தடவை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். மனைவி பின்னால் வந்து நின்றது தெரியும்.

ஏப்ரல் 2

மூன்று மடங்கு பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள். நண்பன் குதிக்கிறான்.

காலையில் ஒரு வழுப் புகார்: "அழிந்த பட மீட்பு பாதியிலேயே செத்துப்போகிறது."

படித்தேன். உடனே உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன், பத்தே நிமிடம். கை நன்றாக ஓடியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.